பெடலைத் தின்ற காட்டுமாடு

பேத்துப்பாறை,
14 செப்டம்பர் 2024

என் அருமை மருமகள் ஜெயப்பிரியாவுக்கு,

சேனாதிபதி மாமன் எழுதிக்கொள்வது. இப்போது சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் வீட்டுக்காரர் குகன் நம்பமாட்டார். ஆம்ஸ்டர்டாம் தபால்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அவரும் பாதியில் மூடி வைத்துவிடுவார். ஆனாலும் பழனி மலைத்தொடர் முழுவதையும் சாட்சிக்கு நிறுத்திச் சத்தியமாகச் சொல்கிறேன்.

முதலில், போனில் ஏன் பேசுவதில்லை என்று கேட்டிருந்தாய். என் போனைக் குரங்கு ஒன்று தூக்கிப்போய் வட்டக்கானலில் லாட்ஜ் நடத்துகிறது. ரூம் வேண்டுமென்றால் பழைய நம்பருக்கே கூப்பிடு.

ஜனவரியில் வந்து பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் சைக்கிளில் ஏறப்போகிறாய், வழி சொல்ல வேண்டும் என்கிறாய். சரியான ஆளைத்தான் பிடித்தாய். வெள்ளனே கிளம்பிவிடு. வரதமாநதி அணை வரைக்கும் ரோடு உன்னைக் கொஞ்சும். அப்புறம் தன் குணத்தைக் காட்டும். சவரிக்காட்டுப் பக்கம் ஒரு வளைவு இருக்கிறது. அத்தனை வளைசல். ஒருதடவை எனக்கு முன்னால் எவனோ மெதுவாகப் போகிறான் என்று பெல் அடித்து, ஒதுங்கச் சொல்லித் திட்டி, முந்திப் பார்த்தால் அது நானேதான்.

பெருமாள்மலைக்கு வந்துவிட்டால் பாண்டிச்செல்வி கடையில் டீ குடி. "சேனாதிபதி மருமக" என்று சொல்லாதே, காசு கூடக் கேட்பாள்.

அங்கே நானும் சைக்கிளோடு வந்து நிற்க வேண்டும், பழையபடி சேர்ந்து இறங்க வேண்டும் என்கிறாய். அங்கேதான் சிக்கல். காட்டுமாடு ஒன்று வாசல்வரை வந்து என் சைக்கிளின் வலது பெடலைத் தின்றுவிட்டது. மென்று, அசைபோட்டு, ஏப்பமும் விட்டது. ஒற்றைப் பெடலோடு மலையில் என்ன செய்ய?

குகனைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மலைகளின் சேனாதிபதி, உன் மாமன்.

*

ஆம்ஸ்டர்டாம்,
9 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதத்தைக் குகனுக்கு வாசித்துக் காட்டினேன். "குரங்கு லாட்ஜில் காலைச் சாப்பாடு உண்டா?" என்று கேட்கிறார்.

இந்த ஊரில் மலையே இல்லை, மாமா. கால்வாய்ப் பாலத்தைத்தான் ஏற்றம் என்கிறார்கள். தினமும் வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். பாலத்திலிருந்து இறங்கும்போதெல்லாம் நீங்கள் ஞாபகத்துக்கு வருகிறீர்கள். நாலாவது படிக்கும்போது பெருமாள்மலையிலிருந்து என்னை முன்பாரில் உட்காரவைத்துக் கூட்டிவந்தீர்களே. பிரேக் கட்டை தேய்ந்துபோயிருந்தது. "அதுக்கென்ன" என்று தைல மரக்கிளை ஒன்றை ஒடித்து, கேரியரில் கயிறு கட்டி, பின்னால் இழுத்துக்கொண்டே இறங்கினீர்கள். கிளை ரோட்டை உரச உரச வண்டி சொன்னபடி கேட்டது. பழனி வருகிற வரைக்கும் தைல வாசம். அம்மா வாசலில் நின்று, "பிள்ளையையா கூட்டியாந்த, வெறகையா?" என்று சத்தம் போட்டது இன்னும் காதில் கேட்கிறது.

பெடல் போனால் வேறு மாட்டலாமே? கொடைக்கானல் ஏரிக்கரையில் அத்தனை வருஷம் சைக்கிள் வாடகைக்கு விட்டவருக்கு ஒரு பெடலா கிடைக்காது?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. மாமன் மாலை போட்டு மணவறைக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில், "ரோட்டில் யானை படுத்திருக்கு, எழுப்ப மனசு வரல" என்று ஆள் விட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா மாலை போட்டார். கல்யாணப் போட்டோ எதிலும் நான் கேமராவைப் பார்க்கவில்லை, மாமா. வாசலைத்தான் பார்க்கிறேன்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவை பெருமாள்மலையில் காத்திருப்பேன். வரவில்லை என்றால், எனக்கு மாமன் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். இனி எழுதவும் மாட்டேன்.

உங்கள்
ஜெயா.

*

பேத்துப்பாறை,
4 நவம்பர் 2024

என் கோபக்கார மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரித்ததும் உள்ளேயிருந்து புகை வந்தது. பக்கத்து வீட்டு மாயாண்டி, சமையல் தீய்ந்துவிட்டதென்று ஓடிவந்தார்.

உனக்காக இன்னும் நல்ல வழி ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். பழனி ரோடே வேண்டாம். பஸ்ஸில் கொடைக்கானல் போய், அங்கிருந்து பூம்பாறைக்கு மிதி. பூண்டு எடுக்கிற நேரத்தில் அங்கே மூடுபனியே பூண்டு மணக்கும். நான் அந்தப் பனியைத் துண்டு துண்டாக அறுத்துக் கேரியரில் கட்டிக்கொண்டுவந்து ரசத்தில் போட்டிருக்கிறேன். அப்படியே மன்னவனூர் ஏரிக்குப் போ. காற்று பின்னாலிருந்து தள்ளும். குடை விரித்தால் கேரளா போய்விடுவாய், விரிக்காதே. திரும்பித் தாண்டிக்குடி வழியாக இறங்கினால் காப்பித் தோட்டம், ஆரஞ்சு, அப்புறம் மருதாநதி அணை. அய்யம்பாளையத்தில் இளநீர் குடித்துவிட்டு ஊர்போய்ச் சேரலாம். அந்த வழியில் பெருமாள்மலையில் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. பேத்துப்பாறைப் பக்கம் வரவும் வேண்டியதில்லை.

பெடல் விஷயம் கேட்டாய். திண்டுக்கல், மதுரை வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. அது கடையில் கிடைக்கிற சாமான் இல்லை, தாயி.

வருகிறேன் என்று எழுத ஒரு நொடி போதும். எழுதிவிட்டு வராமல் இருக்க உன் மாமன் அத்தனை பெரிய பொய்யன் இல்லை. அதனால் எழுதவில்லை.

யானை விஷயத்தில் யானையைக் கோபித்துக்கொள். அது பாவம், தாங்கும்.

இப்படிக்கு,
சேனாதிபதி.

*

பழனி,
9 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பழனி அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். இதைக் காலை பஸ் கண்டக்டர் கொண்டுவந்து தருவார்.

நீங்கள் வேண்டாம் என்ற ரோட்டில்தான் இன்றைக்கு ஏறினேன். சவரிக்காட்டு வளைவில் முன்னால் யாராவது போகிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. பாண்டிச்செல்வி அக்கா கடையில் மூன்று டீ குடிக்கும்வரை காத்திருந்தேன். கடைசியில் அவர்களே கேட்டார்கள்.

"யாருக்குத்தா இம்புட்டு நேரம் ரோட்டப் பாக்குற?"

"எங்க மாமாவுக்குக்கா. சேனாதிபதி. சைக்கிள்ல வருவாரு."

"சைக்கிள்லயா? அவங்க எப்புடித்தா..." என்று ஆரம்பித்தவர்கள், "டீ ஆறிப்போய்க் கெடக்கு பாரு, குடி" என்று உள்ளே போய்விட்டார்கள். காசு வாங்கவில்லை.

உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன், மாமா. உள்ளே நீங்கள் ரேடியோ செய்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். வாசலில் ஒரு செருப்பு கிடந்தது. இன்னொன்றை நாய் இழுத்துப் போட்டிருக்கும் என்று சுற்றிலும் தேடினேன். அப்புறம்தான் சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகட்டையைப் பார்த்தேன்.

கதவைத் தட்டவில்லை. நீங்கள் மூடி வைத்ததைத் தட்டித் திறக்க எனக்குக் கை வரவில்லை. பழனி வருகிறவரை அழுதுகொண்டே இறங்கினேன். பிரேக் நன்றாக இருந்தது.

அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். "ஒன் மாமன் சத்தியம் வாங்கிட்டான்டி. ஒன் கல்யாணத்தன்னைக்குத்தான் மதுரையில அவன் கால எடுத்தாங்க. சொன்னா நீ மணவறைய விட்டு எந்திரிச்சு ஓடிருவேன்னான்" என்றது.

ஓடித்தான் இருப்பேன்.

கோபம் தீரவில்லை. ஆனால் இப்போது அது வேறு கோபம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே வேலுமணி அண்ணன் ஆட்டோ உங்கள் வாசலில் நிற்கும். ஏறி ஏரிக்கரைக்கு வாருங்கள். ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். முன்சீட்டு எனக்கு. மாமன் மாலை பாக்கி இருக்கிறது, எடுத்து வாருங்கள். யானை படுத்திருந்தால் அதன் மேலேயே ஏறி வாருங்கள்.

ஜெயா.

*

பேத்துப்பாறை,
20 ஜனவரி 2025

என் கண்ணான மருமகளுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நடந்ததை நீயும் கூட இருந்துதான் பார்த்தாய். என்றாலும் நீ முன்னால் உட்கார்ந்திருந்தாய், பின்னால் நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? சரித்திரத்துக்காக நான் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு மகாராஜா ஆட்டோவில் வந்து இறங்கினார். அவர் கொண்டுவந்த மாலை பூமியிலிருந்து பெருமாள்மலை உச்சிவரை நீளம். ரெண்டு வருஷம் தாமதமானதால் வளர்ந்துவிட்டது. அதை மருமகள் கழுத்தில் போட்டதும் ஏரியில் கிடந்த படகெல்லாம் எழுந்து நின்றன. அவள் அழவே இல்லை. ஏரி நீர்மட்டம் ஏறியது மழையினால்.

அப்புறம் மகாராஜாவைப் பின்சீட்டில் ஏற்ற வேலுமணியும் சைக்கிள் கடைக்காரரும் பட்ட பாட்டை நாலு யானை பட்டிருக்காது. அவருடைய இடது பாதத்தைத் துண்டால் பெடலோடு கட்டினார்கள். "இன்னொரு பெடலு?" என்று கடைக்காரர் இழுத்தார். "அதக் காட்டுமாடு தின்னுருச்சு" என்று மருமகள் முந்திக்கொண்டு சொன்னாள். அவளுக்கும் இந்த வியாதி தொற்றிவிட்டது. அந்தக் காட்டுமாட்டின் பெயர் சர்க்கரை என்று மகாராஜா அப்போதுதான் அவள் காதில் மட்டும் சொன்னார்.

கேரியரில் அவளே ஒரு தைல மரக்கிளை கட்டினாள். "ஏத்தா, இது சமதரை, கிளை எதுக்கு?" என்றதற்கு, "வாசத்துக்கு" என்றாள். அப்புறம் வண்டி கிளம்பிய வேகத்தில் குதிரைச் சவாரிக்காரர்கள் குதிரையை விட்டு இறங்கிக் கும்பிட்டார்கள். மக்காச்சோளம் சுடுகிறவரின் அடுப்பு காற்றில் அணைந்து, அடுத்த சுற்றில் தானாகப் பற்றிக்கொண்டது. மூடுபனி ரெண்டாகப் பிளந்து வழிவிட்டது. ஏரியை ஏழு தடவை சுற்றினோம்.

சரி. ஒரே தடவைதான். அதற்கே மூச்சு வாங்கியது. மேலே எழுதியதில் முக்கால்வாசி புளுகு என்று உனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள். படகுத்துறை தாண்டி அந்தச் சின்ன ஏற்றத்தில் நீ திரும்பிப் பார்க்காமலே கேட்டாய்: "மாமா, மிதிக்கிறீங்களா, இல்ல சும்மா உக்காந்து வாரீங்களா?"

"மகாராஜா எதுக்குத்தா மிதிக்கணும்? இழு" என்றேன். நீ சிரித்துக்கொண்டே இழுத்தாய்.

மிதித்தேன், ஜெயா. அந்தச் சுற்று முழுக்க மிதித்தேன்.

இப்படிக்கு,
உன் மாமன்.