எல்லைப் பலகை தாண்டும்வரை

அன்புள்ள அப்பாவுக்கு,

கொரின் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சியாட்டிலில் மழை விட்டபாடில்லை.

காணொளியில் வைத்தியம் பார்ப்பதென்றால், நோயாளி எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலத்தின் உரிமம் எனக்கு வேண்டும். வயோமிங், மொன்டானா எல்லாம் கிடைத்துவிட்டன. நம் நெப்ராஸ்காதான் இழுத்தடித்தது.

போன வாரம் என் நோயாளி, வயோமிங்காரர் டுவெய்ன் அழைத்தார். வழக்கம்போல, "இப்ப எங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கிம்பல்ல, தங்கச்சி வீட்டு வாசல்ல, வண்டிக்குள்ள."

நம் ஊர், அப்பா.

"நெப்ராஸ்காவுக்கு எனக்கு உரிமம் இல்லைங்க. நீங்க வயோமிங் திரும்பினப்புறம்தான் பேச முடியும்."

"என் இருமலுக்கு எல்லைக்கோடு தெரியுமா டாக்டர்? சரி, இருங்க."

போனின் கேமராவைச் சாலைப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். நான் அழைப்பைத் துண்டித்திருக்கலாம். மனம் வரவில்லை. தானியக் கிடங்கு, அறுத்த கோதுமை வயல்கள், நம் வீட்டுக்குத் திரும்பும் மண் சாலை என்று ஒவ்வொன்றாக வந்து போயின. எல்லைப் பலகையைத் தாண்டி நிறுத்தினார்.

"வயோமிங் வந்தாச்சு. உங்க கண்ணு ஏன் சிவந்திருக்கு? நோயாளி நானா, நீங்களா?"

என் பழைய கம்பளிக் காலுறைகளையும் ஒரு புட்டி சோக்செரிப் பழ ஜாமும் அனுப்புங்கள்.

நேற்று நெப்ராஸ்கா உரிமமும் வந்துவிட்டது. அடுத்த நோயாளி காத்திருக்கிறார், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது உங்களிடமும் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். எந்த நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதுவரை, மெதுவாகச் சொல்லுங்கள்.

உங்கள் கொரின்