கண்மாய்க்குள் நீ இருக்கும் இடம்

பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட என் மூத்தவனே,

உன் முகம் எனக்குத் தெரியாது. பெற்றவளே இப்படி எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துக்கொள்ளட்டும். ஆபரேஷன் பண்ணி உன்னை எடுத்தபோது நான் மயக்கத்தில் கிடந்தேன். கண் திறந்தபோது நீ வேறு மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் கூட்டிப்போகிறோம் என்றார்கள். எனக்குத் தெம்பு வந்தபோது நீ இல்லை.

இருதயத்திலேயே குறை, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். "அழுதானா?" என்று கேட்டேன். அவர் என் கையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

உன்னைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனது உன் அப்பாவும் பெரியப்பாவும். பெரியப்பா ஊர் எல்லையிலேயே நின்றுகொண்டாராம். மண்வெட்டியோடு அப்பா மட்டும் உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லவில்லை. நான் வீடு வந்து சேர்ந்த அன்று, உன் பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எடம் கேக்காத தாயி. தலைச்சன் ஆம்பளப் புள்ள. மை எடுக்கிறவன் காதுக்குப் போச்சுன்னா தோண்டாம விடமாட்டான். தம்பி ஒருத்தனுக்குத்தான் தெரியும். எனக்கே தெரியாது."

நம் பக்கத்தில் அப்படி ஒரு பயம் உண்டு. முதலில் பிறந்த ஆண்பிள்ளை இறந்தால், மந்திரவாதி அதன் மண்டை ஓட்டை எடுத்து மை செய்வான் என்பார்கள். அதனால் புதைத்த இடத்தை வெளியே சொல்லமாட்டார்கள். கல் நட மாட்டார்கள், அந்தப் பக்கம் போகவும் மாட்டார்கள். ஆளுக்கு ஆள் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிற காலத்தில் எவன் மை எடுக்கப் போகிறான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை, ஏனென்றால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கண்ணை மூடினால் யாரோ மண்ணைத் தோண்டினார்கள். உன் பெரியப்பா கெட்டவர் இல்லை. உன்னைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அப்புறம் பால் கட்டியது. நீ இல்லை என்று மனசுக்குச் சொல்லியாகிவிட்டது, உடம்புக்கு யார் சொல்வது? மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்று பக்கத்து வீட்டு அக்கா பந்து பந்தாக வாங்கிவந்து மாரோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். வாடியதை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புதுப் பூ வைப்பாள். கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு பூ வைத்ததில்லை.

பால் வற்றியதும் நூல் மில்லுக்குத் திரும்பிவிட்டேன். பாளையம்பட்டியில் வேன் நிற்கும்போது ஒரு பூக்காரம்மா ஜன்னல் வழியாகப் பூவை நீட்டுவார். வாசனை உள்ளே வந்ததும் என் ரவிக்கை நனைந்துவிடும். வற்றிவிட்டது என்று நினைத்த பால் எங்கிருந்து வந்தது? மில்லுக்குள் போனால் இன்னொரு தொல்லை. அந்த மிஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினால்கூடக் கேட்காது. ஆனால் நீ அழுதால் எனக்குக் கேட்டது. அறுந்த நூலை ஒட்டுவதை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். மேஸ்திரி திட்டுவார்.

ஒரு நாள் வேனில் பக்கத்துச் சீட்டு அக்கா என் காதோரம் குனிந்து, "எனக்கும் ஒண்ணு போச்சுத்தா, மூத்தது" என்றாள். வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் உயிரோடு இருப்பவர்களை மட்டும்தான் அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை உனக்கு ரகசியமாக எழுதாமல் ஊரறிய எழுதுகிறேன்.

நீ இருக்கும் இடத்தை நான் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறேன், கேள்.

ஆடி பிறந்ததும் நம் ஊர்க் கண்மாயைத் தூர்வார ஆரம்பித்தார்கள். உள்ளே காடாக மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை ஏலம் எடுத்தவர்கள் வெட்டி, அங்கேயே மூட்டம் போட்டுக் கரியாக்கிக் கொண்டுபோனார்கள். அடுத்து ஜேசிபி வந்து வேரைப் பிடுங்கியது. பிறகு வண்டல் மண்ணை அள்ளி நிலங்களில் கொட்டுகிற வேலை. திருச்சுழி ரோடு வரைக்கும் ஒரே புழுதி. டிராக்டர் வைத்திருந்தவன் எல்லாம் வரிசையில் நின்றான். உன் அப்பாவின் டிராக்டர் மட்டும் வாசலில் நின்றது. அவர் பந்தல்குடிப் பக்கம் போய் அடுத்தவன் லாரிக்கு மாற்று டிரைவராக ஓடினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "ஊர் வண்டியெல்லாம் ஓடுது. நம்ம வண்டிக்கு மட்டும் என்ன, சாமி வந்துருச்சா? உள்ளூர்ல லோடு அடிக்காம ஊர் ஊராப் போறீக?"

"அந்த வேலைக்கு நான் போகல" என்றார்.

"அதான் ஏன்னு கேக்கேன்."

தட்டில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மண்ணை அள்ளமாட்டேன் என்று ஒரு டிராக்டர்க்காரர் ஏன் சொல்ல வேண்டும்? கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"மாமா, கண்மாய்க்குள்ளயா வச்சிருக்கீக?"

அவர் தலையை ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. "எல்லாத்தையும் தோண்டிட்டாகளா?" என்று என்னைக் கேட்டார். அந்தப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மழை இறங்கினால் கண்மாய் நிறைந்துவிடும். அதற்குள் உன்னைப் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். உன் அப்பா நாளைத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் புரட்டாசியில், மில் லீவு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு பேரும் கரை மேல் ஏறி நின்றோம்.

முன்பெல்லாம் கரையில் நின்றால் முள் மரத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இப்போது அக்கரை வரைக்கும் வெட்டவெளி. எங்கே பார்த்தாலும் டயர் தடம். உன் அப்பா இறங்கி மடைக்கு நேராக நடந்தார், நின்றார், திரும்பி வந்தார். மறுபடி போனார். "இங்கதான்" என்றார். நான் உட்காரப் போனேன். "இல்ல புள்ள, இன்னுங் கொஞ்சம் தள்ளி" என்றார். தள்ளிப் போனோம். அங்கேயும் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு மரம் ரெண்டாப் பிரிஞ்சு நின்னுச்சு. அதுக்குக் கீழதான் வச்சேன். நாய் வந்துராம முள்ளு வெட்டி மேல போட்டேன். அடையாளம் வைக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாக. மரந்தான் இருக்கேன்னு நெனச்சேன். சீமைக்கருவேலத்த எவன் அழிக்க முடியும்னு நெனச்சேன்."

கையில் அகப்பட்ட மண்ணாங்கட்டியை எடுத்து உன் அப்பா மேல் எறிந்தேன். தோளில் பட்டு உடைந்து தூளாகச் சட்டையெல்லாம் கொட்டியது. அவர் விலகவில்லை. அடுத்த கட்டிக்காகக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இப்போது நான் எறிந்தது எந்த மண்? உன் மேல் போட்ட மண்ணா? எங்கே வைத்தாரோ அதைத் தோண்டி எந்தக் காட்டில் கொட்டியிருக்கிறார்களோ. அள்ளிப்போன மண்ணோடு நீயும் போயிருந்தால், யார் வீட்டு மிளகாய்ச் செடிக்கு அடியில் கிடக்கிறாய்?

உன் அப்பாவின் சட்டையிலிருந்து அந்தத் தூளைக் கையால் வழித்து முந்தானையில் வாங்கினேன். அப்போதுதான் அவர் அழுதார். உன்னைக் கொண்டுபோன நாளில்கூட அவர் அழுததாக யாரும் சொல்லவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். நான் கேட்காமலே உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"மேல் ஒதடு அப்படியே ஒன்னோடது. காதுல பூனமயிரு. எடது கைய இறுக்கி மூடியிருந்தான், விரிச்சுப் பாத்தேன், விரியல. என் வேட்டியக் கிழிச்சுத்தான் சுத்துனேன்."

"அழுதானா மாமா?"

"ஒரு தடவ அழுதான். நான் கண்ணாடிக்கு வெளிய நின்னேன். வாயத் தொறந்தது தெரிஞ்சுச்சு. சத்தம் கேக்கல."

அதைச் சொல்லிவிட்டு உள்ளங்கையால் மண்ணை நிரவினார். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"எல்லாத்தையும் மூடிட்டு எந்திரிச்சேன். வாய் தவறி, 'ஏலே, அப்பா போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டேன் புள்ள."

உனக்கு இது தெரியாது, நம் ஊர் வழக்கம் எதுவும் தெரியாமலே போய்விட்டாய். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் வாரேன் என்று சொல்லமாட்டார்கள். பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். புதைத்த இடத்தில் சொன்னால் கேட்கவே வேண்டாம். போன உயிர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கேயே காத்துக் கிடக்கும் என்பார்கள்.

"அவன் காத்துக்கிட்டு இருப்பான். போனா எவனாச்சும் பாத்துருவானோன்னு பயம். போகாட்டி அவன் அழுவானோன்னு பயம். கரையோரமா வண்டி ஓட்டும்போது அந்தப் பக்கம் மொகத்தத் திருப்ப மாட்டேன். திரும்புனா அங்கன நிப்பான்னு தோணும்."

உன்னைக் கொண்டுபோன மாசியிலிருந்தே அவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒன்றும் சொல்வதில்லை. செருப்பை மாட்டுவார், போய்விடுவார். என் மேல் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சொல்லுக்கே அவர் பயந்துபோயிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"அதான் வந்துட்டீகள்ல" என்றேன். "வாரேன்னீக, வந்துட்டீக. பெறகு என்ன?"

அவர் என்னையே பார்த்தார். இடம் தெரியாமல் வந்தது வந்ததில் சேருமா என்று கேட்பது போல இருந்தது. சேரும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நீதான் சொல்ல வேண்டும். கிளம்பும்போது இரண்டு பேரும் வெட்டவெளியைப் பார்த்து, வழக்கத்துக்கு விரோதமாக, வாய் திறந்து "போயிட்டு வாரோம்" என்று சொன்னோம். அக்கரையில் ஆடு மேய்த்தவர் யாரிடம் சொல்கிறோம் என்று திரும்பிப் பார்த்தார்.

உன் பெரியப்பாவிடம் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, "அப்ப எவனாலயும் அவனத் தொட முடியாது" என்றார். அவருக்கு அது ஆறுதல்.

எனக்கு ஆறுதல் என்று ஒன்றும் இல்லை. இப்போது கார்த்திகை. கண்மாயில் தண்ணீர் ஏறிவிட்டது. ஊரே சந்தோஷப்படுகிறது, நானும் சிரித்துவைக்கிறேன். உள்ளே உனக்குக் குளிருமே என்று யாரிடம் சொல்வது? மிஷினுக்குள் நீ அழுவது இன்னும் கேட்கிறது. ஆனால் இப்போது அழுகிற வாய்க்கு ஒரு உதடு இருக்கிறது, அது என்னுடைய உதடு. அதனால் முன்னைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது. முன்னைவிட அதிகமாக ஆசையாகவும் இருக்கிறது.

பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றும். அப்போது நானும் அப்பாவும் வருவோம். எங்கே நிற்பது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஓர் இடம் விடாமல் நடப்போம். வருஷா வருஷம் நடப்போம். எங்கோ ஓரிடத்தில் உன் பக்கத்தில் வராமலா போய்விடுவோம்?

அப்படிப் பக்கத்தில் வந்தால் மட்டும், ஒரே ஒரு தடவை, எங்களுக்குக் கேட்கிற மாதிரி அழுதுவிடு சாமி.

போயிட்டு வாரேன்.

உன்னைத் தலைச்சனாகச் சுமந்த
உன் அம்மா