'கே' போட்ட றெக்டர்

உம்முடைய அலுமாரியை இன்றைக்குத்தான் திறந்தேன். நீர் போய்ச் சேர்ந்த இந்த ஏழு மாதமாக மனம் வரவில்லை. மடத்துச் சிஸ்டர்மார் ஏழைகளுக்குக் கொடுக்க உம்முடைய சேலைகளைக் கேட்டு இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தரமும் சாக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. பூச்சி உருண்டை மணக்க மணக்க ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்துக்கொண்டு போகும்போது, கூறைச் சேலையின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு பத்திரிகைத் துண்டு விழுந்தது.

நோர்வேப் பத்திரிகை. நம்முடைய மகளின் படம். பள்ளிக்கூட வாசலில் முழங்காலளவு பனி கிடக்க, தடித்த சட்டையும் தொப்பியுமாய், கையில் பனி அள்ளுகிற சவளோடு நின்று சிரிக்கிறாள். கீழே அவளுடைய பெயர், பெயருக்கு முன்னால் 'றெக்டர்'. மடிப்புகள் எல்லாம் நைந்துபோயிருந்தன. எத்தனை தரம் விரித்துப் பார்த்தீரோ தெரியாது. நான் கடைக்கோ கோயிலுக்கோ போன நேரங்களில் பார்த்திருப்பீர். என் கண்ணில் படாமல் அதை ஒளித்துவைக்க வேண்டிய நிலைமைக்கு உம்மைக் கொண்டுவந்தவன் நான்தான்.

உமக்குத் தெரியாததா? கொட்டாஞ்சேனையில் அந்தக் கத்தோலிக்கக் கல்லூரியில், றெக்டரின் கந்தோரில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். மற்றப் பள்ளிக்கூடங்களுக்கு அதிபர் இருந்தார், எங்களுக்கு றெக்டர். வெள்ளை அங்கி போட்ட நாலு குருவானவர்களுக்குக் கீழே வேலை செய்தேன். ஜனவரி மாதத்தில் பிள்ளைகளைச் சேர்க்க இடம் கேட்டுப் புறக்கோட்டை முதலாளிமாரும் பெரிய உத்தியோகத்தரும் என் மேசைக்கு முன்னால் வாங்கில் குந்தியிருப்பார்கள். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததாலேயே நானும் அரை றெக்டர் என்று ஒரு நினைப்பு. "றெக்டருக்குக் காய்ச்சல் எண்டால் உங்களுக்கெல்லோ இருமல் வருது" என்று நீர் பகிடி பண்ணுவீர். எனக்குக் கோபம் வரும். உண்மை என்றபடியால் வந்த கோபம்.

அந்தக் கொழுப்போடுதான் அன்றைக்கு மகளின் போனை எடுத்தேன்.

"அப்பா, நான் றெக்டராயிட்டன்!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. றெக்டர் என்றால் குருவானவர். பொம்பிளைப் பிள்ளை எப்படி? அந்த நாட்டில் பள்ளிக்கூடத் தலைமைக்கு அதுதான் பெயர், ஆணோ பெண்ணோ எல்லாருக்கும் அதே சொல்தான் என்று அவள் விளங்கப்படுத்தினாள். குரலில் அவ்வளவு சந்தோசம். "பள்ளிக்கூடத்தில எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டேன். எண்பத்திரண்டு என்றாள்.

"எண்பத்திரண்டு பிள்ளைக்கு ஒரு வகுப்பு மொனிட்டரே போதுமே," என்றேன்.

பகிடியாகத்தான் சொன்னேன் என்று பிறகு உம்மிடம் சாதித்தேன். இல்லை. லத்தீன் சொல், பெரிய சொல், என் வாழ்நாள் முழுக்க நான் எழும்பி நின்று உச்சரித்த சொல். அதை என் மகள், போன கிழமை வரை சாதாரண ரீச்சர், சப்பாத்து மாதிரிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று எரிந்தது.  அவள், "சரியப்பா, அம்மாட்டக் குடுங்கோ," என்றாள்.

அதற்குப் பிறகு நீர் இருந்த காலம் முழுக்கப் போனில் என்னிடம் அவள் சொன்னதெல்லாம் 'அம்மாட்டக் குடுங்கோ' என்ற அந்த இரண்டு சொல்தான்.

பத்திரிகைத் துண்டு தபாலில் வந்தபோது நீர் ஆசையோடு என்னிடம் நீட்டினீர். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "றெக்டர் சவளோட நிக்கிறாவோ? எங்கட றெக்டர் பாதர் விழுந்த பேனையைக்கூடக் குனிஞ்சு எடுக்கமாட்டார். இங்கிலீஷ் எழுத்தும் பிழை, 'சி' வரவேண்டிய இடத்தில 'கே' போட்டிருக்கு," என்றேன்.

"உங்கட றெக்டருக்கு 'சி', எங்கட பிள்ளைக்கு 'கே'. அவ்வளவுதானே வித்தியாசம்? இஞ்சேருங்கோ, ஒருக்கா, ஒரேயொருக்கா அந்தப் பிள்ளையை றெக்டர் எண்டு கூப்பிட்டுவிடுங்கோவன்," என்றீர்.

இரண்டு வருடம் கேட்டீர். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டீர். "சுகமாகி வாரும், பாப்பம்," என்றேன். நீர் சுகமாகி வரவில்லை.

செத்த வீட்டுக்கு அவள் வந்து ஒன்பது நாள் நின்றாள். மேல்மாடிக்காரர் யாரோ, "மகள் அங்க என்ன செய்யிறா?" என்று கேட்க, "ரீச்சர்," என்றேன் நான். அவள் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றாள். உம்மைப் பெட்டியில் வைத்துக்கொண்டுகூட எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறாள். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்பாள். ஓம், ஓம் என்பேன். முன்னமென்றால் உம்மிடம் போனைத் தந்துவிட்டுப் போய்விடுவேன். வெள்ளவத்தையில் இந்த வீட்டில் இப்போது கொடுக்க ஆளில்லை. இரண்டு பேரும் மற்றவர் மூச்சு விடுகிறதைக் கேட்டுக்கொண்டு இருப்போம்.

பத்திரிகைத் துண்டைத் திருப்பினேன். உம்முடைய கையெழுத்து: 'பிள்ளையின்ர ஸ்கூல் நம்பர். எங்கட நேரம் பகல் ஒண்டரைக்குப் பிறகு.' மணிக்கூட்டைப் பார்த்தேன், இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. சேலைகளைத் தள்ளிவிட்டுக் கட்டிலிலேயே இருந்து அந்த நம்பரை அடித்தேன்.

ஒரு பெண் எடுத்து அவர்கள் பாசையில் ஏதோ சொன்னாள். எனக்கு அதில் தெரிந்தது ஒரே சொல். "றெக்டர்," என்றேன். அவள் இங்கிலீஷுக்கு மாறினாள். யார் பேசுகிறீர்கள், என்ன விசயம்?  ஒரு பிள்ளையின் தகப்பன் என்றேன். எந்தப் பிள்ளையின் தகப்பன் என்று கேட்டாள்.

"றெக்டரின்," என்றேன்.

அவள் சிரித்தது கேட்டது. பிறகு ஓடி வருகிற சப்பாத்துச் சத்தம்.

"அப்பா? என்னப்பா? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. றெக்டரோட கதைக்கவேணும் எண்டு எடுத்தனான்."

  அவள் அழுதாள். ஐந்து வயதில் அழுத மாதிரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். கடைசியில் மெதுவாய்ச் சொன்னாள்:

"அம்மா இருக்கேக்க எடுத்திருக்கலாமேயப்பா."

ஓம் என்றேன்.  அவள் என்னை மன்னித்துவிடுவாள், எனக்குத் தெரியும். போனை வைக்கும்போது, நாளைக்கும் இதே நேரம் எடுங்கோ என்றுதான் சொன்னாள். நான் எடுப்பேன். ஆனால் அந்தச் சொல்லை என் வாயால் கேட்க இந்த உலகத்தில் ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குத்தான் சொல்ல முடிந்தது.