அசேராவை இழுத்த மாடுகள்

எகிப்தின் தெற்குக் கோட்டையில் காவலிருக்கும் என் அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இன்றுவரை உயிரோடு இருக்கிறோம். நீ அங்கே வயிறாரச் சாப்பிட்டு, காய்ச்சல் ஏதும் அண்டாமல் இருக்கக் கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறேன். உன் தங்கை சிபியாளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சந்தோஷமான செய்திதான், ஆனால் சந்தோஷமாக எழுத முடியவில்லை.

அத்திப்பழம் காயப்போட்ட நாட்களில் எருசலேமிலிருந்து ராஜாவின் ஆட்கள் வந்தார்கள். இனி ஒரே கர்த்தர், அவருக்கு ஒரே ஆலயம், மற்றதெல்லாம் அருவருப்பு என்று ஊர்வாசலில் நின்று படித்தார்கள். குன்றின் மேல் கர்த்தருடைய பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்ற அசேரா தாயின் மரத்தூண் உனக்குத் தெரியுமே, நீ பிறந்தபோது உன் அம்மா சிவப்புத் துணி கட்டினாளே, அதைப் பிடுங்க வேண்டுமாம். பெரிய மாடு யாரிடம் இருக்கிறது என்று அதிகாரி கேட்டதும் ஊரே என்னைப் பார்த்தது. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை மகனே. ஈட்டி பிடித்தவர்கள் நாற்பது பேர். இரண்டு முறை இழுத்தும் தூண் அசையவில்லை, மூன்றாம் முறை என் கையாலேயே மாடுகளை அடித்து ஓட்டினேன். அது சாய்ந்தபோது பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் மாரடித்துக்கொண்டு அழுதார்கள். ராஜாவின் ஆட்கள் அதை ஓடைக்கரையில் போட்டு எரித்துச் சாம்பலைக் காலால் மிதித்தார்கள். வீடு வீடாகப் புகுந்து, பிரசவ வலியில் பெண்கள் கையில் பிடித்துக்கொள்ளும் தாயின் மண் பொம்மைகளையும் உடைத்தார்கள். தூணை இழுத்த கயிற்றோடு நான் வீடு திரும்பியதும் உன் அம்மா வாசலை மறித்து, "அந்தக் கயித்த உள்ள கொண்டு வராதீங்க, எங்கயாவது தூக்கிப் போட்டுட்டு வாங்க" என்றாள். அதன்பிறகு எட்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வலது பக்கத்து மாடு உழும்போதே முட்டி மடங்கி விழுந்து செத்தது. விதைப்புக்கு வேண்டிய முன்மாரி மழை இன்னும் வரவில்லை. மேகம் கடல் பக்கம் கூடுகிறது, பிறகு கலைந்து போகிறது.

இந்த நேரத்தில்தான் சிபியாளுக்கு வலி கண்டது. இரண்டு நாளாகியும் குழந்தை இறங்கவில்லை. மருத்துவச்சி மாக்காளைக் கூப்பிடப் போனேன். அவள் மாவரைக்கிற கல்லை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "வலியில கையில பிடிச்சுக்க தாயி வேணுமே, அவள எங்க வச்சிருக்க? இழுத்துப் போட்ட மாட்டையே பிரசவம் பாக்கச் சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் உன் தங்கை, "அப்பா, தாயக் குடுங்கப்பா" என்று முனகுகிறாள். நேரே ஓடைக்குப் போய்க் களிமண் எடுத்துவந்தேன். பட்டப்பகல், யார் பார்த்தார்கள் என்று கவனிக்கவில்லை. உருண்டையாக உடம்பு, இரண்டு மார்பு, அவற்றைத் தாங்கும் கைகள். முகம் எனக்கு வரவில்லை, மூக்கு இருக்கவேண்டிய இடத்தைக் கிள்ளி மட்டும் வைத்தேன். ஈரத்தோடே அவள் கையில் கொடுத்தேன். விரல்கள் அதில் அமிழ அமிழ அவள் முக்கினாள். நான் களிமண்ணோடு போவதைக் கண்டு என் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த மாக்காள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். குழந்தை நீலம் பாரித்து வந்தது, தலைகீழாகப் பிடித்துத் தட்டியபின் அழுதது.

கர்த்தரை நான் ஒருநாளும் விட்டதில்லை மகனே. தாய் அவர் பக்கத்தில் நிற்பது அவருக்குக் குறை என்று என் அப்பாவும் நினைத்ததில்லை. இப்போது மாட்டைக் கொன்றது யார், குழந்தையைக் கொடுத்தது யார், மழையைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று ஒன்றும் விளங்கவில்லை. யாருடைய கோபம் என்று தெரியாமல் பயப்படுவது மிகக் கொடுமை.

நேற்று அதிகாரியின் ஆள் வந்து, "ஓடையிலருந்து களிமண் எடுத்தியாமே, எதுக்கு?" என்று கேட்டான். அடுப்புப் பூச என்றேன். அடுப்பைப் பார்த்தான், பிறகு என் நகங்களைப் பார்த்தான். நாளைக் காலை குடும்பத்தோடு ஊர்வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து ஊரில் உன் மாமாவையும் இப்படித்தான் அழைத்தார்கள், அவர் திரும்பவில்லை. பொம்மையைக் கரைத்துவிடலாம் என்றால் உன் அம்மா, "எம் மக விரல் பதிஞ்சிருக்கு, தொடாதீங்க" என்கிறாள். அது இருக்கும் இடத்தை எழுதமாட்டேன்.

என்ன கேள்விப்பட்டாலும் நீ இங்கே வராதே. பாகால்யாதா என்ற உன் பேரில் பாகால் சாமியின் பேர் இருக்கிறது, அதற்கே இங்கே அடி விழுகிறது. யாராவது கேட்டால் எல்யாதா என்று சொல். எண்ணெய் வியாபாரி கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் எரித்துவிடு. பச்சைத் தண்ணீரைக் குடிக்காதே, காய்ச்சிக் குடி.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. வழக்கமாக அவர் பேரோடு எழுதும் இன்னொரு பேரை இந்த முறை நான் எழுதவில்லை. "சேத்து எழுதுங்க" என்று உன் அம்மா பக்கத்தில் நின்று அழுகிறாள். யாரும் இல்லாத இடத்தில் நீயே வாய்விட்டு ஒருமுறை சொல்லிக்கொள்.

உன் அப்பா,
அத்லாய்