முட்டைக்கு ரிவர்ஸ் வந்துவிட்டது

என் அருமை மருமகளுக்கு,

இங்கே நான், உன் அத்தை, ஷெட்டில் நிற்கும் நம் முட்டைக் கார் மூவரும் சௌக்கியம், மூவரில் எண்ணெய் ஒழுகுவது முட்டைக்கு மட்டும்தான், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. வேலையை நிரந்தரமாக்கிக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் மாமா காருக்குள் மாட்டிக்கொண்ட செய்தி கேட்டதிலிருந்து மனசு சரியில்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போனில் உன் அத்தை என்னத்தைச் சொல்லித் தொலைத்தாளோ. நடந்த சரித்திரத்தை நானே எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

அன்று மத்தியானம் கடலைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல மழை. நீ போன இந்த இரண்டு வருஷமாக முட்டை வாசலில்தான் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது, அந்தத் தார்ப்பாயில் இப்போது பாயைவிட ஓட்டைதான் அதிகம் என்பதால் உள்ளே கொண்டுபோய் விடலாமென்று கிளம்பினேன். உனக்குத் தெரியாததா, ஷெட்டுத் தரை சுவரைப் பார்த்துச் சரிவு, நம் வண்டிக்கு முகம்தான் ஒரே கதவு, மூக்கு சுவரில் முட்டினால் கதவு திறக்காது, ரிவர்ஸும் கிடையாது. நான் இன்ஜினை அணைத்துவிட்டு நத்தைபோல உருண்டு வருவேன், நீ சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இரண்டு கையையும் நீட்டி மூக்கைப் பிடித்து, "போதும் மாமா, போதும்" என்று நிறுத்துவாய். அன்றும் அப்படித்தான் உருண்டு வந்தேன், உன் கை வரும் என்று என் கால் பிரேக்கைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்தது. கை வரவில்லை. சுவர் வந்தது. கூரைத் துணியைக் கழற்றி மேலே ஏறிப் பார்த்தேன், தலை வந்தது, தோள் வந்தது, வயிறு மட்டும் வர மாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. ஹாரன் அடித்தேன், அது ஏழு உலகத்துக்கும் கேட்டிருக்கும், ஆனால் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் "பெரியவர் இன்னைக்கு ரொம்ப குஷியா இருக்கார்போல" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டாராம். இரண்டு மணி நேரம் முட்டைக்குள் குஞ்சாக இருந்தேன். கடைக்குப் போயிருந்த உன் அத்தை குடையோடு வந்து எட்டிப் பார்த்து, வயசு அறுபத்தாறு, புத்தி வெறும் ஆறு என்று ஒரு வரியில் என் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்துவிட்டு, லேத் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து பின்னால் இழுத்து என்னைப் பொரித்து எடுத்தாள். ஒரு கீறல்கூட இல்லை, நீ பயப்படும்படி ஒன்றுமில்லை.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள், ஆனால் சத்தமாகத் திட்டாதே, பக்கத்து அறைக்காரர்கள் என்ன நினைப்பார்கள். என் அக்கா போன பிறகு உன்னை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்த வருஷம்தானே அந்த வண்டி மூன்று மரப்பெட்டிகளில் எழுநூற்றுச் சொச்சம் துண்டுகளாக வந்து இறங்கியது. யாருக்கும் புரியாத பாஷையில் ஒரு புத்தகம், அதையும் நாம் பாதி தலைகீழாகப் பிடித்துப் படம் பார்த்துப் பூட்டியதால்தான் இன்றுவரை ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடுகிறது. அதுவரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத நீ, அன்றைக்கு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு "ரிவர்ஸ் எங்க மாமா?" என்று கேட்டாய். இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் அது கிடையாதும்மா என்றேன். "அப்ப நான் தள்றேன்" என்றாய். கிடையாது என்றது பொய். மூன்றாவது பெட்டியின் அடியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ரிவர்ஸுக்கான பல்சக்கரங்கள் முழுசாக இருந்தன. அன்று ராத்திரியே அதை எடுத்துத் தையல் மிஷின் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். நீ கூட வர ஒரு காரணம் வேண்டியிருந்தது எனக்கு. அதற்குப் பிறகு பெட்ரோல் போடப் போனாலும் வந்தாய், பழைய வண்டிக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் வந்தாய், சொந்தமாகத் தீயணைப்பு வண்டி வைத்திருக்கும் அந்த வக்கீல் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "எங்கய்யா உங்க ரிவர்ஸ் கியர்?" என்று உன்னைத்தான் கேட்கிறார். ஆனால் காலேஜில் எல்லோரும் மலைக்கு டூர் போனபோது, நான் போயிட்டா மாமாவுக்கு யார் தள்ளுவா என்று நீ போகாமல் இருந்துவிட்டாய் பார், அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது அதே கேள்வியைக் கடிதத்தில் கேட்டிருக்கிறாய், இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மாமா இல்லை, கொள்ளைக்காரன்.

ஆகவே மகாஜனங்கள் அறிய வேண்டிய செய்தி, போன சனிக்கிழமை லேத் பட்டறைக்காரர் அந்தப் பல்சக்கரங்களைப் பூட்டிவிட்டார். முட்டைக்கு ரிவர்ஸ் வந்துவிட்டது. நானே தனியாக உள்ளே விட்டு, இந்தத் தடவை பிரேக்கை மிதித்து, நானே தனியாகப் பின்னால் எடுத்தேன். சுவரில் நீ சாய்ந்து சாய்ந்து சுண்ணாம்பு உதிர்ந்த இடம் முன் கண்ணாடிக்கு நேரே இருந்தது, வண்டி பின்னால் வர வர அது சின்னதாகிக்கொண்டே போயிற்று, நான் அதையே பார்த்துக்கொண்டு வந்ததில் திரும்பிப் பார்க்க மறந்து உன் அத்தையின் பூந்தொட்டியை உடைத்துவிட்டேன். அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டதைத் தனிப் புத்தகமாகப் போடலாம். அதனால் காகிதத்தில் கையெழுத்துப் போடு கண்ணு. தள்ளுவதற்காக நீ வர வேண்டாம். லீவு கிடைத்தால் சும்மா வா, காரணமில்லாமல் வா.

நீ நினைத்ததெல்லாம் நடந்து, நூறு வருஷம் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று நாங்கள் இருவரும் மனசார ஆசீர்வதிக்கிறோம். ராத்திரிச் சாப்பாட்டை பிஸ்கட்டோடு முடித்துக்கொள்ளாதே, அத்தை எழுதச் சொன்னாள். ஷெட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறார், அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன். ஏன் சார், சுவர்ல ஈரமா என்று கேட்டார். ஆமாம், ஈரம்தான் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
முன்னேயும் பின்னேயும் ஓட்டத் தெரிந்த
உன் மாமா