கண்ணாடிப் பெட்டிக்குள் என் சிவப்புப் புள்ளி

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முட்டி தவிர. நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், உன் இருமல் வேறு மாதிரி சொன்னது. வெந்நீர் குடி.

செய்தி கேள். கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு நாற்பது வயதாகிவிட்டதாம், கண்காட்சி வைத்திருக்கிறார்கள். அப்போது ஊரில் அது ஒன்றுதான் கம்பெனி, இன்றைக்கு நிற்கிற கண்ணாடிக் கட்டடமெல்லாம் அதைப் பார்த்து வந்தவைதான். நானும், என்னோடு வேலை பார்த்த பச்சை அத்தையும் போனோம். முதன்முதலில் செய்த கம்ப்யூட்டர் போர்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிக்காட்டிய பெண், அது முதலாளியே யோசித்து வைத்த தர முத்திரை என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அது என் நகப்பூச்சடி! ஒரு போர்டு பழுதாகித் திரும்பி வந்தால் மேசையில் இருக்கும் பதினாலு பேருக்கும் சேர்த்துத் திட்டு விழும், அதனால் ஈயம் பற்றவைத்ததும் அவரவர் நிறத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவோம். அத்தைக்குப் பச்சை, அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். அந்தப் பெண் நம்பவில்லை, ஆதாரம் இருக்காம்மா என்றாள். அத்தை விடுவாளா, திருப்பிப் பாரு, பின்னாடி பச்சை இருக்கும், சரிபார்த்தது நான்தான் என்று சொல்லிவிட்டாள். பெட்டியைத் திறந்தார்கள். அழிந்திருந்தால் இரண்டு பேரும் புளுகிகள் ஆகியிருப்போம். இருந்ததடி, கடுகளவு!

அன்றைக்கே பங்கு கேட்டிருந்தால் மேட்டுத் தெருவில் இருந்திருக்கலாமே என்று அப்பா கிண்டல் செய்கிறார். மாதச் சம்பளக்காரர்களுக்குப் பங்குப் பத்திரம் கொடுத்தார்கள், அவர்கள் மேட்டில் பங்களா கட்டினார்கள். தினக்கூலிக்காரர்களுக்கு ஆளுக்கொரு டிபன் கேரியர், அதில்தான் நீ பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டு போனாய். நம் தெருவுக்கு இன்றும் தண்ணீர் லாரிதான். சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், கோபம் இல்லாமலும் இல்லை. நீ இப்போது பங்கு வாங்குகிற பக்கத்தில் இருக்கிறாய், உன் ஆபீஸில் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களின் பெயராவது உனக்குத் தெரியுமா? தெரிந்துகொள்.

சுற்றிக்காட்டிய அந்தப் பெண் நல்ல பெண்தான். பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற விவர அட்டையை மாற்றி, பெண் தொழிலாளர்கள் செய்தது என்று போடுகிறோம் என்றாள். பதினாலு பெயரையும் போடு என்றேன். அட்டை சின்னதும்மா என்றாள். பெரிய அட்டை வாங்கு என்றேன். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தோம், பதினாலும் இருக்கிறது, என் பெயர் மூன்றாவது. நான் அழுதுவிட்டேன், அத்தை எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தாள்.

நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இரு. இருமல் மருந்தை மறக்காதே. வரும்போது ஒரு சிவப்பு நகப்பூச்சு வாங்கி வா, இந்தக் கடிதத்தின் மூலையில் புள்ளி வைத்ததோடு என் புட்டி தீர்ந்துவிட்டது.

உன் அம்மா