எடைமெஷினில் ஏறாத மனிதர்

மார்ச் 3
பதினெட்டு வருடம் இதயத்தைப் படித்துவிட்டு, "உப்பைக் குறைங்க, தினம் எடை பாருங்க" என்று சொல்வதே பிழைப்பாகிவிட்டது. பலவீனமான இதயம் உடம்பில் நீரைத் தேக்கும். மூச்சுத் திணறுவதற்குச் சில நாள் முன்பே எடை ஏறும். அதைப் பிடித்துவிட்டால் மருத்துவமனைப் படுக்கையே வேண்டாம். என் ஆராய்ச்சி அவ்வளவுதான். அதில் சேர்ந்த நோயாளிகள் எல்லோருக்கும் எடைமெஷின் இலவசம். காலையில் ஏறி, எண்ணை ஃபோனில் அனுப்ப வேண்டும். அதற்கே இத்தனை கெஞ்சல்!

மார்ச் 6
பழைய பேப்பர் கடைக்காரரிடமிருந்து மறுபடியும் 62. மூன்று வாரமாக இதேதான். நர்ஸ் அவருக்கு 'அறுபத்திரண்டு' என்றே பேர் வைத்துவிட்டாள். "மழையில நனைஞ்சா சிலைக்குக்கூட எடை ஏறும் மேடம்."

கூப்பிட்டேன். "கல்லு மாதிரி இருக்கேன் டாக்டரம்மா. நேர்ல வர்றதா? கடையை யாரு பாப்பா?"

மார்ச் 9
62. நாசமாய்ப் போக.

மார்ச் 11
கல் வந்து சேர்ந்தது, சக்கர நாற்காலியில். காலை அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. எங்கள் மெஷினில் 68. நாங்கள் கொடுத்த மெஷின் கெட்டுப்போச்சா என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"ஜோரா ஓடுதும்மா. கடையில மூட்டை நிறுக்கறதே அதுலதான். பழைய தராசை யாரும் நம்பல. இதுல நம்பர் தெரியுதுல்ல?"

ஐயோ! ஊரில் இருக்கிற பேப்பரெல்லாம் அதுல ஏறுது, இந்த மனுஷன் மட்டும் ஏறல!

மார்ச் 12
ஊசிக்கு நீர் நன்றாகப் பிரிகிறது. மூச்சு சீரானதும் கத்தினேன். "செத்திருப்பீங்கய்யா!" நர்ஸ் திரையை இழுத்துவிட்டாள்.

"பயம்மா," என்றார். "நம்பர் கூடியிருந்தா கடையைச் சாத்திட்டு இங்க வந்து படுக்கணும். பாக்கலைன்னா அன்னிக்குக் கடை உண்டு."

எடை கூடினால் உடனே வாருங்கள் என்றுதானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்? முதல் நாளே ஒரு நீர் மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டால் பலருக்கு அதுவே போதுமே. ஏன் இதை யோசிக்கவில்லை?

மார்ச் 15
வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுத்தேன்: ஒரு கிலோ கூடினால் நீர் மாத்திரை இன்னொன்று, எனக்குத் தகவல். மூச்சு வாங்காவிட்டால் கடை திறக்கலாம்.

துறைத் தலைவர் குதித்தார். "பாதி ஆராய்ச்சியில விதியை மாத்துவீங்களா? அவரை எடுத்துருங்க. ஒரு ஆள் போச்சு உங்களுக்கு."

"ஆள் இருக்காரே சார்."

மற்றவர்களுக்கும் இப்படி மாற்ற அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டாயிற்று. எத்தனை கையெழுத்து, கடவுளே!

மார்ச் 26
காலையில் ஃபோனில் செய்தி. ஆராய்ச்சியிலேயே இல்லாதவர், அனுப்ப வேண்டியதே இல்லை.

"நேத்து 61.2. இன்னிக்கு 62.3. மாத்திரை போட்டாச்சு. மூச்சு வாங்கல, கடை திறந்தாச்சு. தினம் மொதல்ல நான் ஏறுறேன், அப்புறந்தான் மூட்டை. பேட்டரி தீருது, ஒண்ணு குடுத்து விடுங்க."

தீராமல் என்ன செய்யும், மூட்டை மூட்டையாக ஏற்றினால்?

வரும் வழியில் வாங்கிவிட்டேன். இரண்டாக.